மூடிய கதவின் முன் எங்கள் ரதி

காமனை எரித்த மறுநாள் காலை வட்டகொடையிலிருந்து தேயிலைத் தோட்டத் தலைவர் தொலைபேசியில் பேசினார். "சார், நம்ம ரதி போயிட்டாருங்க." ரதி என்றால் எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர் செல்வநாயகம். மாசி மாதக் காமன் கூத்தில் வருடா வருடம் சேலை கட்டி ரதியாக வருபவர். முந்தின இரவுதான், சிவன் எரித்த புருஷனுக்காகப் பொட்டலில் புரண்டு அழுதிருந்தார். விடிந்ததும் நெஞ்சுவலி. வாகனம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடனே பஸ் ஏறினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் சண்டையும் தெரிந்திருக்கும். அது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றியது. காதலன் துறவியாகிவிடுவான். காதலி மலையேறி அவனுடைய மடத்து வாசலுக்கு வருவாள். கதவு திறக்காது. கடைசியில் அந்தக் கதவையே கும்பிட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு இறங்கிப் போவாள். காதல் பக்தியாகக் கனிந்துவிட்டது என்பது என் கட்சி. அந்த இடத்தில் எனக்குக் கண் நிறையும். அவருக்கோ பற்றிக்கொண்டு வரும்.

"அவ ஆளைத் தேடி வந்தா சார். சாமியக் காட்டி அனுப்பிட்டாங்க," என்பார். ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிப்போகும். "எரிச்சதே சிவன்தான். அந்தச் சிவன்கிட்டயே போயி, எம்புருசனக் குடுன்னு நிக்கிறா ரதி. அதுதாங்க பக்தி."

ஒருமுறை அவர் வீட்டில் படம் ஓடியபோது, கதவுக் காட்சி வருவதற்குள் எழுந்து டீவியை நிறுத்திவிட்டார். "இவரு என்னைய முடிவப் பாக்க விட்டதே இல்லீங்க," என்று அவர் மனைவி புஷ்பம் சிரித்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மணிக்கட்டில் கூத்துக் காப்பு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் காமனை உயிர் எழுப்பிய பிறகுதான் அந்த மஞ்சள் கயிற்றை அவிழ்ப்பது வழக்கம். "சாவு விழுந்திருச்சு. இந்த வருசம் எழுப்ப வேணாம்," என்றார் தலைவர். எல்லாரும் தலையாட்டினோம். யாரோ காப்பை வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். புஷ்பம் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுப்பாம விட்டா இவரு அழுதது எதுக்குங்க?"

"தீட்டு இருக்கேம்மா."

"தீட்டு எனக்குத்தான. நான் தூர நிக்கிறேன். நீங்க எழுப்புங்க."

காப்போடே அடக்கம் செய்தோம். மறுநாள் மாலை, பனி இறங்கிய பொட்டலில் தப்பு முழங்கியது. காமன் வேடக்காரர் எழுந்தார். ரதி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளும் நேரம் அது. ஓட ஆள் இல்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அவர் நின்றார். தேயிலைச் செடிகளுக்கு அப்பால் நின்ற புஷ்பம், "வந்துட்டான்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

செல்வநாயகத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பொறுமையின்மை. நேற்று அந்தப் படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். அவள் மடத்து வாசலில் கைகூப்பினாள். கண் நிறையவில்லை. "கும்பிடாதம்மா, கதவத் தட்டு," என்று வாய்விட்டுச் சொன்னேன்.