வாட்ச் கட்டிய கை

மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுப்பது எங்கள் பக்கம் பெண் வீட்டார் முறை. ஜவுளி எடுக்கப் போகிற அன்றைக்கே அதையும் எடுத்துவிடுவார்கள். எண்பதுகளில் என் கல்யாணம் நிச்சயமானபோது, வெண்ணந்தூரிலிருந்து நானும் அப்பாவும் அதற்காகத்தான் சேலம் போனோம். புடவை சீக்கிரம் முடிந்தது. வாட்ச் எடுத்த கருமம்தான் மத்தியானம் முழுக்க இழுத்தது.

மாப்பிள்ளை திருச்செங்கோட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டார். போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்த குடும்பம். சாதா வாட்ச் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கடைக்காரர் உள்ளே போய் ஒரு ஃபாரின் ஸ்போர்ட்ஸ் வாட்ச் கொண்டுவந்தார். கடலில் முங்குகிறவர்கள் கட்டுவதாம். இந்த ஆளோ காவேரியில் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார், அவர் அம்மாவே பெருமையாகச் சொல்லியிருந்தார். அவருக்கு என்னத்துக்கு இது? கட்டுவார், கழற்றுவார், விளிம்பு வளையத்தைக் கிர்ரு கிர்ரென்று திருகுவார், கண்ணாடியில் பார்ப்பார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அப்பா ஜவுளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "மாப்ளைக்கு எது பிரியமோ அதுங்க" என்று சிரித்தபடியே இருந்தார்.

"என் கையில இருந்தா எனக்கே சரியாத் தெரியலீங்க மாமா. நீங்க கட்டிட்டு எட்ட நில்லுங்க, நாலு பேரு பாக்கற மாதிரி பாக்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

அப்பா கட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்றார். குச்சிக்கிழங்கு பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன கை. தூக்குங்க, இறக்குங்க, திருப்புங்க என்று ஆட்டிவைத்துவிட்டு, "இதே இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. அப்பா கழற்றி நீட்டினார். அவர் தொடவில்லை. மூக்கைச் சுளித்து, கடைக்காரரிடம், "நல்லாத் தொடச்சுக் குடுங்க" என்றார்.

தூ! இவனெல்லாம் ஒரு மனுசன்! அதைவிடப் பொறுக்கமுடியாதது அப்பாவின் சிரிப்பு. "தொடைங்க, தொடைங்க, மண்ணுல கெடக்கற கை" என்று அவரே கடைக்காரரிடம் கொடுத்தார்.

நான் எழுந்துவிட்டேன். "ஏனுங்க, முகூர்த்தத்துல எங்கப்பா இந்தக் கையாலதானுங்க என்னையத் தாரை வாத்துக் குடுக்கோணும். என்னையும் தொடச்சுத்தான் வாங்குவீங்களா?"

அவர் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம், வாங்கப்பா" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன்.

பஸ்ஸில் அப்பா, "என்ன சாமி இப்படிப் பண்ணிப்போட்டே, இனி யாரு வருவாங்க?" என்று புலம்பிக்கொண்டே வந்தார். வாட்ச் கட்டிய அந்தக் கையை மட்டும் துண்டுக்குள் மறைத்திருந்தார். வெடுக்கென்று இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் வந்து இறங்கும்வரை விடவில்லை.