ஐயாவின் நீலக் கட்டச் சாரம்

ஐயா பிரதேச சபைத் தேர்தலில் நின்ற வருடம் எனக்குப் பத்து வயது. அதுவரை அவர் உரும்பிராயில் ஐந்து மாடு வைத்துப் பால் விற்று வாழ்ந்தவர். காலை ஐந்து மணிக்கு ஒரு கறவை, பின்னேரம் மூன்றரைக்கு ஒரு கறவை. எங்கள் வீட்டில் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

நான்கு மாடுகளை அம்மாவும் கறப்பாள். சிவலைப் பசு மட்டும், அதன் கன்று செத்த நாளிலிருந்து, ஐயாவைத் தவிர ஒருவரையும் கிட்ட விடாது.

தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கையில், ஒரு சனிக்கிழமை, ஐயா மத்தியானமே பிரசாரத்துக்குப் போய்விட்டார். மூன்றரைக்கு வரவில்லை. நான்கரைக்கும் வரவில்லை. சிவலை கட்டையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. மடி கல்லாய் இறுகிக் காம்பில் பால் சொட்டியது. போன மாரியில் இப்படிப் பால் கட்டித்தான் பக்கத்து வீட்டு மாட்டின் இரண்டு காம்புகள் கெட்டுப்போயிருந்தன. அம்மா இரண்டு தரம் குந்திப் பார்த்தாள். இரண்டு தரமும் உதை. நான் கொட்டிலுக்கும் தெருப் படலைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். பதினேழு தரம், எண்ணினேன்.

ஐந்து பத்துக்கு அம்மாவின் தம்பியுடைய மோட்டார் சைக்கிளில் ஐயா வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, சந்தன சோப்பு வாசம். ஐந்தரைக்குக் கோயில் வீதியில் கூட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படியே குந்தினார். சிவலை திரும்பி மணந்து பார்த்தது. அடுத்த கணம் செம்பு ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம்.

“அத்தான், உங்கடை முதல் வாக்குப் போச்சு!” மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்னையேன் உதைக்குது? ஆளைத் தெரியேல்லையோ?” என்றார் ஐயா.

“உந்த வாசத்தோடை வந்தா எனக்கே ஆளைத் தெரியேல்லை. போய்ச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வாங்கோ,” என்றாள் அம்மா.

“நேரமில்லையப்பா. நீர் ஒருக்காப் பாருமன்.”

சாணி பட்ட வேட்டியைக் களைந்து இன்னொரு வெள்ளை வேட்டி கட்ட நேரமிருந்தது. கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொடியில் ஐயா கறவைக்குக் கட்டும் நீலக் கட்டச் சாரம் தோய்க்காமல் கிடந்தது. அம்மா அதை எடுத்துச் சீலைக்கு மேலே சுற்றினாள். அவருடைய துவாயைத் தலையில் கட்டினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிவலை சாரத்தை நெடுநேரம் மணந்தது. பிறகு காலை அகட்டி நின்று பாலை விட்டது.

செம்பு பாதி நிறைந்தபோது ஒலிபெருக்கியில் ஐயாவின் குரல் வந்தது.

“நானும் உங்களிலை ஒருத்தன். இப்பவும் என்ரை கையாலை பால் கறந்துபோட்டுத்தான் வாறன்!”

கைதட்டல் கேட்டது. அம்மாவின் கை நின்றது. சிவலை திரும்பிப் பார்த்தது.

“அம்மா, ஐயா எங்கடை மாட்டைப் பற்றிக் கதைக்கிறார்!”

“கேக்குது. வாளியைக் கிட்டக் கொண்டு வா.”

ஐயா வென்றார், பல வருடங்களின் பின் மாகாண சபைக்கும் போனார். அவர் கொட்டிலுக்குள் மறுபடி குந்தியதை நான் காணவில்லை. சிவலையை இரண்டு நேரமும் அந்தத் தோய்க்காத சாரத்தைச் சுற்றிக்கொண்டு அம்மாவே கறந்தாள். அடுத்த வருடம் சிவலையை விற்றோம். சாரம் மட்டும் கொடியிலேயே கிடந்தது. ஒருநாள் தோய்க்கலாமென்று மற்ற உடுப்புகளோடு அதையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். அம்மா ஓடிவந்து என் கையிலிருந்து பறித்து, உதறி, மடித்து, தன் பெட்டிக்குள் வைத்தாள்.

மாடுதான் போய்விட்டதே, இனி இந்த அழுக்குச் சாரம் எதற்கு என்று நினைத்துக்கொண்டு மிச்ச உடுப்புகளைத் தோய்த்தேன்.