வாயில் வந்த ஒரே ஜெபம்

உபதேசியாருக்கு அன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் எங்களை வீட்டுக்கு விடாமல், சபையின் கதவை மறித்துக்கொண்டு நின்றார். ஆடிக் கிருத்திகை நேரம். வெளியே திருத்தணி ரோடு முழுக்கக் காவடி.

"பாத்தீங்களா? ஒவ்வொருத்தனும் தோள்ல எதனா சொமந்துகினு போறான். நாம இன்னா சொமக்கிறோம்? வந்து குந்திகினு, ஆமென் சொல்லிட்டுப் போறோம். ஐயரு அரக்கோணத்துலேர்ந்து மாசத்துக்கு ஒரு தபா வராரு. மீதி நாளெல்லாம் நான் ஒருத்தனே ஓடணுமா?"

குருவானவரைத்தான் நாங்கள் ஐயர் என்போம். அவர் வராத வாரங்களில் எல்லாம் உபதேசியார் தலையில்தான்.

அதோடு விட்டாரா, வீட்டுக்கு ஓர் ஊழியம் என்று பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்குச் சபையைப் பெருக்குவது, ஒருவருக்கு மணி அடிப்பது. அதில் ஒன்று கிடைத்திருந்தால் பிழைத்திருப்பேன். எனக்கு வந்தது வியாதிக்காரர் வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுவது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன்.

"படிப்பு இன்னாத்துக்கு? வாய் இருக்குதில்ல, ஊருக்கே கேக்குற வாய்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது. என் வாய் சண்டைக்குத்தான் ஓடும். நாலு பேர் முன்னால் ஜெபத்துக்குத் திறந்ததே இல்லை.

முதல் வீடே, என்னோடு ஜோடியாக நாற்று நடுகிற அக்காவின் வீடு. பிள்ளை பெற்றுப் பத்து நாள், காய்ச்சல் இறங்கவில்லை. அவளும் நானும் ஏற்கெனவே வரப்பில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு பேச்சை விட்டிருந்தோம். உபதேசியாருக்கு அது தெரியும். தெரிந்துதான் அனுப்பினார், மனுஷன்.

முழுசாக எனக்கு வரக்கூடிய ஜெபம் ஒன்றே ஒன்று. முந்தின வருஷம் வாந்திபேதி வந்தபோது ஐயர் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொன்னது. என் நைனாவின் பாய் பக்கத்திலும் சொன்னார். அத்தனை தடவை கேட்டதில் ஒரு வார்த்தை பிசகாது. வழியில் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். பயத்தில் வார்த்தை வந்ததே தவிர, அர்த்தம் மண்டையில் ஏறவில்லை.

அக்கா பாயில் சுருண்டு கிடந்தாள், பக்கத்தில் குழந்தை. அவள் புருஷனிடம், "ஜெபம் பண்ண வந்தேன் பாவா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். கடகடவென்று வந்தது. 'இவளுடைய ஆத்துமாவைச் சமாதானத்தோடு ஏற்றுக்கொள்ளும், இவள் விட்டுப்போகிறவர்களுக்கு ஆறுதல் தாரும்' என்கிற இடத்தில்தான் அது என் காதிலேயே விழுந்தது. நிறுத்தத் தெரியவில்லை. ஆமென் வரைக்கும் போய்விட்டேன்.

கண்ணைத் திறந்தால், அக்கா குழந்தையை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் சாவப் போறனா?"

"வரப்புச் சண்டைய மனசுல வச்சிகினு வந்தியா? எழுந்து போ" என்றார் பாவா.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தேன். ஊர் என்னைப் பேசுவது கிடக்கட்டும், அந்தப் பச்சைக் குழந்தை என்ன ஆகும்? மூன்றாம் நாள் உபதேசியாரிடம் போய், "இந்த ஊழியம் எனக்கு வேணாங்க, வேற யாருக்கனா குடுங்க" என்று கத்தினேன். அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் பாவா வந்து நின்றார்.

"உன்ன இட்டுகினு வரச் சொன்னா."

அக்காவின் உதடு வெடித்திருந்தது. குரல் எழும்பவில்லை.

"நீ சொன்னது காதுலயே நிக்குதுமே. கண்ண மூட பயமா இருக்குது. நீதான வச்ச, நீயே எடு."

"எனக்கு வேற ஜெபம் தெரியாதுக்கா."

"தெரிஞ்சத சொல்லு."

அவள் கையைப் பிடித்தேன். கொதித்தது.

"ஆண்டவரே, அன்னிக்கு சொன்னது தப்பு. இவள குடுக்க மாட்டேன். நடவுல எனக்கு இவதான் ஜோடி. கொழந்தைக்கு இவள உட்டா யாரு? எனக்கு பயமா இருக்குது. இவள எழுப்பி உடுங்க."

அக்கா ஆமென் சொன்னாள். கதவோரம் நின்ற பாவாவும் சொன்னார்.

காய்ச்சல் விட இன்னும் ஐந்து நாள் ஆயிற்று. ஐந்து நாளும் போனேன், ஐந்து நாளும் அதையேதான் சொன்னேன்.