மைக்செட் ஞானதாஸ் அண்ணனின் கிழக்குக் கரை

ஞானதாஸ் அண்ணன் இறந்த செய்தியை ஊருக்குச் சொன்னது அவருடைய மைக்தான். அவரிடம் வேலை பார்க்கும் பிஜு ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, பாறசாலை ரோட்டில் தொடங்கி அறிவித்துக்கொண்டே வந்தான். பனங்குளத்துக் கரையை எட்டியதும் மைக்கை அணைத்துவிட்டான். குளத்தைச் சுற்றி மைக் போடக் கூடாது என்பது அண்ணன் வைத்த சட்டம். அவர் சாவுக்கே அதை மீற பிஜுவுக்கு மனம் வரவில்லை. அதனால் குளத்தைச் சுற்றிக் குடியிருக்கும் எங்களுக்குத்தான் செய்தி கடைசியாக வந்தது. ஆட்டோவை நிறுத்தி இறங்கி வந்து, "டீச்சரே, முதலாளி போயாச்சு" என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டொரு நாளில் வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். "நீ சாப்பிட்டியா?" என்று பிஜுவைக் கேட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குளக்கரைக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் தலைவர், அவர் செயலாளர். சபைக் கன்வென்ஷனுக்கும் அவர் மைக்தான், கோயில் திருவிழாவுக்கும் அவர் மைக்தான். இப்படிப்பட்டவர் குளக்கரையில் மட்டும் சத்தம் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "எனக்க தொழிலே சத்தமாக்கும், டீச்சரே. எந்தச் சத்தத்துக்கு எந்தப் பறவை பறக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஏணியில் ஏறி, குளத்தைப் பார்த்திருக்கும் ஒலிபெருக்கிக் குழாய்களை அவரே திருப்பிக் கட்டுவார்.

ஓணப் போட்டிகளை மறக்க முடியுமா? குளத்தின் கிழக்குக் கரை முழுக்கக் கோரையும் தாழையும். நீலக்கோழிகள் முட்டையிடுவது அங்கேதான். ஒரு வருடம் பையன்கள் அந்தப் பக்கம் செண்டை அடித்துப் படகுப்போட்டி நடத்துவோம் என்று நின்றார்கள். அண்ணன் நடுவே போய் நின்று, "எலே மக்கா, பிரசவ வார்டுக்கு முன்னால செண்டை அடிப்பியளா?" என்றார். கூட்டம் சிரித்ததும் வாக்குவாதம் பாதி முடிந்துவிட்டது. மீதியை முடிக்க அவர் ஒரு புதுப் போட்டியையே கொண்டுவந்தார். கயிறு இழுக்கும் வடம்வலிக்குப் பதிலாகப் பாயல்வலி. மேற்குப் பக்கத்தில் மண்டிக்கிடக்கும் ஆகாயத்தாமரைப் பாயலைக் கயிறு போட்டு இழுக்க வேண்டும். சபை இளைஞர் ஒரு பக்கம், கோயில் பக்கத்துப் பையன்கள் ஒரு பக்கம். அதிகம் இழுத்துக் குவித்தவர்களுக்கு ஒரு ஏத்தன் வாழைக்குலை பரிசு. அன்று சாயங்காலத்துக்குள் மேற்குக் கரை கண்ணாடியாகத் தெளிந்தது. தோற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, அவர்களுக்கும் ஒரு குலை வாங்கித் தர வேண்டியதாயிற்று.

நீர்நாய்க் கதையைச் சொல்லாமல் விட்டால் அவரே என்மீது கோபித்துக்கொள்வார். கால்வாய் வழியாக வந்த நீர்நாய் ஒன்று கிழக்குக் கரையில் மீன் தின்பதைக் கண்டுவிட்டு, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று பஞ்சாயத்து ஆபீசுக்கு போன் செய்தார். கேரளத்து எல்லையோர ஊர் எங்களுடையது; மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஆபீஸ் என்றதும் சுத்த மலையாளம் பேச ஆசை வந்துவிட்டது. நீர் என்றால் வெள்ளம், நாய் என்றால் பட்டி என்று கூட்டிப்பார்த்து, "குளத்தில் ஒரு வெள்ளப்பட்டி உண்டு, சாரே" என்று சொல்லிவிட்டார். வெள்ளப்பட்டி என்றால் அவர்களுக்கு வெள்ளை நாய். மறுநாள் நாய் பிடிக்கிறவர்கள் வலையோடு வந்தார்கள். குளக்கரையில் இருந்த ஒரே வெள்ளை நாய் அண்ணன் வீட்டு டாமி. அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் ஆட்டோவில் பின்னாலேயே ஓடி, டாமியை மீட்டு மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். "மலையாளத்துலயும் அது நீர்நாய்தான், அண்ணா. தமிழ்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "ஆபீசராக்கும்னு கொஞ்சம் பயந்துபோயிட்டேன், டீச்சரே" என்றார். வெகுநாள் வரைக்கும் அவரைக் கண்டால் பையன்கள் "வெள்ளப்பட்டி சுகந்தானா?" என்று கேட்பார்கள். நீர்நாய் வந்தது என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

பிறகு ஒரு விடியற்காலையில் என் வீட்டுக் கேட்டில் நின்று, வாயைத் திறக்காமல் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பின்னாலேயே போனேன். கோரை ஓரத்தில் தாயும் இரண்டு குட்டிகளும். தாய் மீனைக் கடித்துக்கொடுக்க, குட்டிகள் பிடுங்கித் தின்றன. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணில் குந்தியிருந்தோம். அவை தண்ணீருக்குள் போன பிறகுதான் அண்ணன் "கொள்ளாம், நல்லாயிருக்கு" என்று மெல்லச் சொன்னார். அவர் கண் நிறைந்திருந்தது. அந்த ஒரு காலையை யாராவது திருப்பித் தந்தால் போதும், நான் வேறொன்றும் கேட்க மாட்டேன். இப்போதும் விடிந்ததும் என் கண் கேட்டுக்குத்தான் போகிறது.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். அடக்கம் முடிந்து எல்லோரும் அவர் வீட்டில் கூடியிருந்தபோது, அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. எங்கே வைப்பது? அவர் உயிராய்க் காத்தது கிழக்குக் கரையைத்தானே, அங்கேயே வைப்போம் என்றார்கள். கோரையை வெட்டிக் கரை கட்டி, கல் பாவி, விளக்குப் போட்டு, "ஞானதாஸ் நினைவு நடைபாதை" என்று பெயர் எழுதுவதாக முடிவு. சொன்னவர்கள் ஒருவர்கூட அவருக்கு வேண்டாதவர்கள் இல்லை. பாயல் இழுத்த அதே பையன்கள்தான், அழுது வீங்கிய கண்ணோடு சொன்னார்கள். அண்ணனின் மனைவி லில்லி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்க பேரு அங்க கிடக்கட்டு, டீச்சரே. பேரப்பிள்ளைகளு வந்து பாக்குமில்லியா" என்றார். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? என்னைப் பிடித்த கையைத் தட்டிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் தலைவர் என்ற முறையில் நான் சம்மதம் சொன்னால் வேலை தொடங்கிவிடும். கோரைக்குள் நீலக்கோழிகள் இப்போது அடைகாக்கின்றன. நேற்று என் தயக்கத்தைக் கேள்விப்பட்ட ஒருவர், "டீச்சருக்கு அவருமேல இவ்வளவுதானா சிநேகம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரவு முழுக்க அது நெஞ்சில் கிடந்து அறுத்தது.

லில்லி அக்கா, அவர் பெயரை மேற்குப் படித்துறையில் வைப்போம். கல்லை நானே சுமந்து வருகிறேன். கிழக்குக் கரையில் மட்டும் அந்தப் பெயர் வேண்டாம்.

கூட்டங்களில் யார் என்ன கேட்டாலும் அண்ணன்தான் எழுந்து "வேண்டா" என்பார். வருத்தப்பட்டவர்களைச் சமாதானம் செய்வது என் வேலை. எல்லோருக்கும் நல்லவளாக நான் இருந்தது அப்படித்தான். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை அதை நான் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். சமாதானம் செய்யப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா.