பெட்டி மூட முன்னம் ஒரு வீடியோ கோல்

ஃபோர்மலின் மணம், மல்லிகைப்பூ, கற்பூரப் புகை... இதுக்குள்ள சூடேறின லப்டொப்பின்ட பிளாஸ்டிக் மணம்.

பொரளையில ஒரு மலர்ச்சாலை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில பிளாஸ்டிக் கதிரையில நான், மடியில லப்டொப். வேர்த்து, சேர்ட் முதுகோட ஒட்டிட்டுது.

வெள்ளவத்தையில எங்கட ஃப்ளட்ஸில மேல்மாடி ரமணி அன்ரி. அவவின்ட மனுசன் திடீரெண்டு ஹார்ட் அட்டாக்கில செத்துப்போனார். ஒரே மகன் சுதன் லண்டனில. அகதிக் கேஸ் முடியேல்ல, பேப்பர்ஸ் இல்லை. வெளிக்கிட்டு வந்தா திரும்பிப் போகேலாது. வராமல் விட்டா தகப்பன்ட முகம் இல்லை.

வட்ஸ்அப் எல்லாம் வராத காலம், அன்ரி நேரா என்னட்டத்தான் வந்தா.

"தம்பி, நீங்கள் கொம்பியூட்டர்காரன்தானே. பெட்டி மூட முன்னம் அவன் ஒருக்கா அப்பாட முகத்தைப் பாக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம் அன்ரி, அது சிம்பிள்" எண்டு சொல்லிப்போட்டன். என்ட வாய் சும்மா கிடக்காதே!

எனக்கு அப்ப லினக்ஸ் பைத்தியம். வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒஃபிஸில பென்டிரைவ் வைரஸோட மாரடிச்சு வெறுத்துப்போய், சொந்த லப்டொப்பில விண்டோஸை முழுசா அழிச்சுப்போட்டு லினக்ஸ் போட்டிருந்தன். ஆரைக் கண்டாலும் அதே பிரசங்கம். கூட்டாளிமார் என்னைக் கண்டா காலி ரோட்டை குறுக்க கடந்து மற்றப் பக்கத்தால போவாங்கள்.

பிரசங்கத்தில சொல்லாத விசயங்களும் இருந்தது... பிரிண்டரோட ஒத்துப்போகாது. பாமினி ஃபொன்டில ரைப் பண்ணின தமிழெல்லாம் இங்கிலீஷ் கிறுக்கலாத் தெரியும். இன்டர்நெட் டொங்கிளைக் குத்தினா, அதை சீடி எண்டு நினைக்கும். அந்த டொங்கிளை மட்டும் முதல்நாள் பின்னேரம் முழுக்க இருந்து சரிக்கட்டினன். நீல லைட் எரிஞ்ச உடன "அப்பாடா" எண்டு இருந்தது.

கமராவைப் பாக்கேல்ல. அதை நான் ஒருநாளும் பாவிச்சதே இல்லை. கோல் எண்டா எனக்குக் கதைக்கிறது மட்டும்தான்.

சுண்ணம் இடிச்சு முடிஞ்சுது. வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருக்கினம். நான் கோல் எடுத்தன். ரிங் போகுது... போகுது... வந்திட்டான். சவரம் செய்யாத முகம், சிவந்த கண். பின்னால வெறும் சுவர்.

லப்டொப்பை பெட்டிப் பக்கம் திருப்பிப் பிடிச்சன்.

அவன் மெல்லமா, "அண்ணா... அப்பா தலைகீழாத் தெரியுறார்."



விசயம் உடன விளங்கினது, ஃபோரங்களில வாசிச்சிருக்கிறன். அந்த மொடலில கமராவையே தலைகீழாத்தான் பூட்டியிருந்தவங்கள். விண்டோஸ் அதைத் திருப்பிக் காட்டும். லினக்ஸ் வாறதை வந்த மாதிரியே அனுப்பும். அதுக்கு மருந்து ஒரே ஒரு வரி கமாண்ட்... ஆனா கோலை கட் பண்ணி, சொப்ட்வெயாரை மூடி, திருப்பத் துறக்கோணும்.

டொங்கிளைப் பாத்தா நீலம் போய் பச்சை லைட். சிக்னல் விழுந்திட்டுது. கட் பண்ணினா திரும்பி வருமோ வராதோ... கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மலர்ச்சாலைக்காரர் கிட்ட வந்து, "மல்லி, தெங் வஹமுத?" தம்பி, மூடுவமா எண்டு சிங்களத்தில கேக்கிறார். கனத்தைச் சுடலையில தந்த நேரம் நெருங்குது. ஐயரும் என்னைத்தான் பாக்கிறார். பின்னால ஆரோ, "உந்தப் பெடியன் செத்தவீட்டில கேம் விளையாடுறானோ?" எண்டினம். எனக்கு அழுகை வரப் பாத்தது.

"சுதன், கட் பண்ணிட்டு உடன எடுக்கிறன். ஒரு சின்னக் கமாண்ட்தான்..."

"ஐயோ, கட் பண்ணாதேங்கோ! உங்கட கமாண்டும் மண்ணாங்கட்டியும்! லப்டொப்பைத் தலைகீழாப் பிடியுங்கோ அண்ணா!"

அட... பாழாப்போன என்ட மூளைக்கு அது எட்டவேயில்லை.

கீபோர்ட் மேல, ஸ்க்ரீன் கீழ. ரெண்டு கையாலயும் பெட்டிக்கு மேல பிடிச்சுக்கொண்டு நிண்டன். டொங்கிள் லூஸ். கொஞ்சம் ஆடினாலும் கழண்டிடும். அதைப் பெருவிரலால அமத்திக்கொண்டு, பிள்ளையாரே, இதை மட்டும் விழ விடாதை எண்டு மனசுக்குள்ள கத்தினன். அமத்தின விரல் மரத்துப்போச்சு.

"இப்ப தெரியுதே?"

"ஓம்... அப்பா..."

அதுக்குப் பிறகு அவன் அழுத சத்தம் மலர்ச்சாலை முழுக்கக் கேட்டது.

அன்ரி மற்றப் பக்கத்தால எட்டிப் பாத்தா. அவனுக்குத் தகப்பன் நேரா வர, இஞ்ச எங்களுக்கு அவன் தலைகீழ். மனுசன்ட நெஞ்சில கையை ஊண்டி, கழுத்தை வளைச்சு, கொண்டை அவிழ்ந்து விழ, தலையை அப்பிடியே சரிச்சு மகன்ட முகத்தைப் பாத்தா.

"அழாத ராசா... அப்பா நித்திரை மாதிரித்தான் கிடக்கிறார், பார்."

கனகாலத்துக்குப் பிறகு தாயும் மகனும் முகம் பாத்தது அண்டைக்குத்தான். பெட்டியை மூடினாப் பிறகுதான் கோல் கட்டானது. நான் வெளிய போய் படியில இருந்து அழுதன்.

இப்ப ஆருக்கு இந்தப் பதட்டம்? செத்தவீடு எண்டா வட்ஸ்அப்பில லிங்க் வரும். ஸ்டாண்டில ஒரு ஃபோன். டொரொன்டோவில சமைச்சுக்கொண்டே பாக்கினம். என்ட லப்டொப்பில இப்பவும் லினக்ஸ்தான், எந்தக் கமராவைக் குத்தினாலும் பேசாமல் வேலை செய்யுது.

போன கிழமை அன்ரியைப் பாக்கப் போனன். சுதனுக்கு பேப்பர்ஸ் கிடைச்சு, கலியாணமும் முடிஞ்சு, பிள்ளைகளும் இருக்கு. வந்திட்டும் போனவன். ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் எடுப்பான், குறை சொல்லேலாது. நான் இருக்கேக்கையே எடுத்தான். கார் ஓடிக்கொண்டு, ஃபோனை பக்கத்து சீட்டில போட்டிட்டுக் கதைக்கிறான்.

"அம்மா, சாப்பிட்டாச்சே? ஏதும் வேணுமே?"

"ஒண்டும் வேண்டாம் அப்பு. கவனமா ஓடு."

கோல் முடிஞ்சாப் பிறகும் அன்ரி ஃபோனைக் கீழ வைக்கேல்ல.

"அண்டைக்குத் தலைகீழா எண்டாலும் அவன்ட முகம் முழுசாத் தெரிஞ்சது தம்பி. இப்ப நாளும் பொழுதும் காரின்ட கூரையைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."