நாளை உயரம் அளக்கப்படும்

கால் பக்கத் தாள். அதில் ஒரே வரி: ‘நாளை உயரம் அளக்கப்படும். மாணவர் அவசியம் வரவும்.’ கீழே பள்ளியின் வட்ட முத்திரை, அதன் மேல் தலைமையாசிரியரின் பச்சை மைக் கையெழுத்து. ஒரு மாணவி அதை என் கையில் கொடுத்தபோது மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. பார்த்தால் ஏதோ சுகாதாரத் துறை உத்தரவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. அது தலைமையாசிரியர் யோசித்துச் சொன்ன பொய். அந்தப் பொய்யை நாலு பேருக்குத் தெரியும்படி உடைத்தவள் நான். கோபத்தில் செய்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். சந்தோஷத்தில் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோயம்புத்தூரில் கிடைத்திருந்த வேலை, நான் போய்ச் சேர்வதற்கு முன்பே ஊரடங்கில் போய்விட்டது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போடியில் ஒரு கல்வி அலுவலகத்தில் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் அலை அடங்கி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே பள்ளிகளைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்திருந்த நேரம். அறைக்கு இருபது பேர். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி. சோப்பு, தண்ணீர், பெற்றோரின் சம்மதக் கடிதம். அறை போதாத பள்ளியில் பிள்ளைகளை ஏ, பி என்று இரண்டு பேட்ச் ஆக்கி, நாள் விட்டு நாள் வரவழைக்க வேண்டும். இதையெல்லாம் பள்ளிவாரியாக அட்டவணை போடும் பொறுப்பை எங்கள் அலுவலர் என்னிடம் கொடுத்தார். பசித்தவளுக்குச் சோறு கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன். விதிப்படி நடக்கும் பள்ளிக்குப் பச்சைக் கட்டம், குறை இருந்தால் மஞ்சள், மீறினால் சிவப்பு. ஒரே பெயர் இரண்டு பேட்சிலும் வந்துவிட்டால் கட்டம் தானாகவே சிவக்கும்படி செய்திருந்தேன். சாயங்காலம் திரை முழுவதும் பச்சையாக இருந்தால், நோயே ஊரை விட்டுப் போய்விட்டது போல ஒரு நிம்மதி.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவர் வந்தார். மலையடிவாரத்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். சிலமலைக்காரர், ஓய்வுபெற ஒரு வருடம்கூட இல்லை. சிலமலையிலிருந்து மொபெட்டிலேயே வந்திருந்தார். இரண்டு மாஸ்க்குகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டிருந்ததால் பேசுவது பாதிதான் காதில் விழுந்தது. பத்தாம் வகுப்பில் நாற்பது பேர், உருப்படியான அறை ஒன்றுதான். இருபது பேரை உள்ளேயும் இருபது பேரைப் புங்க மரத்தடியிலும் உட்காரவைத்து எல்லாரையும் தினமும் வரவழைக்க அனுமதி வேண்டும் என்று கடிதம் எழுதி வந்திருந்தார். மரத்தடி என்று என் அட்டவணையில் ஒரு பத்தியும் கிடையாது. நாள் விட்டு நாள்தான் சார் உத்தரவு என்றேன். அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு சொன்னார்:

“ஏம்மா, மத்த நாளு அதுக வீட்ல ஒக்காந்து படிக்கும்னா நெனைக்கிறீங்க? வாசல்ல ஜீப்பு நிக்கும்மா.”

அந்த ஜீப்பைப் பற்றி அவர்தான் எனக்கு விளக்கினார். விடிந்ததும் அடிவாரத்துக் காலனிக்கு வந்து பெண்களை ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிப்போகும் ஜீப். பள்ளி மூடிக் கிடந்த ஒன்றரை வருடத்தில் அம்மாக்களோடு பிள்ளைகளும் ஏறப் பழகிவிட்டார்கள். மலை மெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குப் போக அந்தச் சான்று, இந்தச் சான்று என்று கேட்ட காலம் வேறு. அங்கே போக வேண்டிய ஜனமெல்லாம் இங்கேயே முடங்கிக் கிடக்க, இந்தப் பக்கத்துச் சரிவுத் தோட்டங்கள் கூலியைக் குறைத்துச் சின்னக் கைகளைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் ஏலக்காயை ஒரே நாளில் பறித்து முடிக்க முடியாது. விளைந்த காயை மட்டும் எடுத்துவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்ப அதே செடிக்கு வர வேண்டும். சுற்று முடியும்வரை தினமும் அதே ஆள் நிற்க வேண்டும்.

“ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற ஆளு கங்காணிக்கு ஆகாது. ‘வந்தா முழுசா வா, இல்லன்னா எறங்கிக்கோ’ம்பான். அதுக பள்ளிக்கூடத்த விட்டுத்தாம்மா எறங்கும்.”

போடியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்குப் போனவள். அந்தக் காயை எப்படி எடுக்கிறார்கள் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் ஒன்றும் செய்யவில்லை. கடிதத்தை அலுவலரிடம் வைக்கிறேன் என்று சொல்லி வாங்கினேன். வைத்தால் அந்தப் பள்ளிக்கு எதிரே மஞ்சள் கட்டம் வரும், மேலிடத்தில் கேள்வி வரும். மேஜை டிராயரில் போட்டேன். மறுநாள் நானே அவருக்குப் போன் செய்து, உத்தரவுப்படியே செய்துவிடுங்கள் சார் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

திறந்த மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, சோப்பும் தண்ணீரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க அந்தப் பள்ளிக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். மரத்தடியில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு ஒரு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். உள்ளேயும் வெளியேயும் சேர்த்து நாற்பது. ஓரத்து வட்டத்தில் இருந்த பெண்ணிடம், நீ எந்த பேட்ச் என்று கேட்டேன். பி என்றாள். அப்படியானால் இன்றைக்கு உனக்குப் பள்ளி இல்லையே என்றேன். அப்போதுதான் அந்தச் சீட்டை நீட்டினாள்.

“ஒசரம் அளக்க வரச் சொன்னாருக்கா. இந்த வாரத்துல மூணாவது தடவ. அரை இஞ்சுகூடக் கூடல.”

வட்டங்கள் எல்லாம் சிரித்தன. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மறுநாள் வரக் கூடாத பிள்ளைகளுக்கெல்லாம் சீட்டு போகும். உயரம், எடை, கை கழுவும் பயிற்சி, பல் பரிசோதனை. முத்திரையைப் பார்த்தால் அம்மாக்கள் மறுக்க மாட்டார்கள். கங்காணியும் சர்க்கார் விவகாரம் என்று விட்டுவிடுவான். தலைமையாசிரியர் கரும்பலகைக்குப் பக்கத்தில், காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவனைப் போல நின்றார். “வளர்ற பிள்ளைக… அளக்கணும்லம்மா” என்றார். அந்தப் பெண் விடவில்லை.

“இந்தச் சீட்டுச் சோலியே வேணாம்க்கா. ரெண்டு பேட்ச்லயும் எம்பேரப் போட்டு விட்ருங்க.”

அப்படிப் போட்டால் கட்டம் சிவந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். செவந்தா செவக்கட்டும்க்கா என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றரை வருடமாக எங்கே பார்த்தாலும் பூட்டு, சாவுச் செய்தி, சங்கு. இங்கே நாற்பது பிள்ளைகள், மாஸ்க் போட்டு, இடைவெளி விட்டு, வேதியியல் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படம் எடுத்தேன். திரும்ப என் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே எங்கள் அதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்: ‘மலையடிவாரப் பள்ளியில் இன்று நூற்றுக்கு நூறு வருகை!’ பக்கத்தில் நாலைந்து கைதட்டல் பொம்மை. நாள் விட்டு நாள் நடக்கும் பள்ளியில் நூற்றுக்கு நூறு என்றாலே மீறல்தான் என்பது, கட்டத்துக்கெல்லாம் கலர் அடித்த எனக்கு உறைக்கவில்லை.

போடி வந்து சேர்வதற்குள் போன் வந்தது. எங்கள் அலுவலர் கொடுமைக்காரர் இல்லை. இரண்டாம் அலையில் தம்பியைப் பறிகொடுத்தவர், முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அடக்கம் செய்துவிட்டு மறு வாரமே வேலைக்கு வந்தவர். “நாளைக்கு அதுல ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டுச்சுன்னா அது ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?” என்றார். ஜீப்பைப் பற்றி அன்று நான் முழுவதும் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆரம்பித்தேன். இதை ஏன் அந்தாளு முன்னாடியே எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டார். எழுதிக் கொடுத்த கடிதம் என் டிராயரில் இருந்தது.

விளக்கம் கேட்டு மெமோ அடிக்கச் சொன்னார்கள். அடித்தது நான்தான். திங்கட்கிழமை அவரே நேரில் வந்து வாங்கிக்கொண்டார். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

“நல்லாத்தான் அடிச்சிருக்க ஆத்தா. ஒரு தப்பு இல்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங் கடுதாசிய அய்யாட்ட காட்டுனியா?” என்று கேட்டார்.

“காட்டினேன் சார்.”

தலையை ஆட்டிக்கொண்டார். என்னிடமே பேனா வாங்கி, தவறுதான், இனி நடவாது என்று விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சீட்டுகள் நின்றன. என் அட்டவணையில் அந்தப் பள்ளி பச்சையாகவே இருந்தது. அந்தப் பெண் பி பேட்ச் நாட்களில் மட்டும் ஒரு வாரம் வந்தாள், அடுத்த வாரம் ஒரு நாள் வந்தாள், அதற்குப் பிறகு வரவில்லை. அவளைப் போல இன்னும் ஆறு பேர். ஒரு நாள் தலைமையாசிரியர் அந்த ஜீப்பிலேயே ஏறித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்களாம். ஆள் உயரச் செடிகளுக்கு நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாராம். குரல் வரும் பக்கத்திலிருந்து செடிகள் அசைந்து அசைந்து தள்ளிப் போயினவாம். இதை அந்தப் பள்ளியின் கிளார்க் சொன்னார். சில மாதங்களில் எல்லாருக்கும் தினமும் பள்ளி என்று உத்தரவு வந்தபோது அந்த ஏழு வட்டங்களுக்கும் ஆள் இல்லை. பொதுத்தேர்வு எழுத அந்தப் பெண்ணுக்கு ஹால் டிக்கெட் வந்திருந்தது. கடைசிப் பரீட்சை வரை தலைமையாசிரியர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார் என்றும் கிளார்க்தான் சொன்னார். அந்தக் கோடையில் அவர் ஓய்வு பெற்றார். என் வேலையும் முடிந்தது. சென்னைக்குப் போய்விட்டேன். இப்போதும் ஒரு கம்பெனிக்கு அட்டவணைதான் போடுகிறேன்.

போன மாதம் விடுமுறையில் போடிக்கு வந்திருந்தபோது அவர் இறந்த செய்தி வந்தது. துட்டி கேட்கச் சிலமலைக்குப் போனேன். பந்தலில் நாற்காலிகள் பாதி காலியாக இருந்தன. மத்தியானத்துக்கு மேல் ஒரு ஜீப் வந்து நிற்க, தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் தலைத்துண்டை அவிழ்த்தபடி இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி கும்பிட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நகக்கண் எல்லாம் காய்ச்சாறு ஏறிக் கறுத்திருந்தது. “நீங்க ஆபீஸ் அக்காதான?” என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

எப்படி இருக்கிறாய் என்று என்னால் கேட்க முடியவில்லை. கேட்பதற்குப் பதிலாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கடிதம், டிராயர், அவரிடம் சொன்ன பொய், எல்லாம். யாரிடமும் சொன்னதில்லை. பந்தல் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“சரி, அத விடுங்க” என்றாள். “எந் தம்பி ஒம்பதாவது படிக்கிறான். சனிக்கிழம ஒரு வாரம் பள்ளிக்கூடம் உண்டுங்குறான், ஒரு வாரம் இல்லங்குறான். எந்தெந்தச் சனிக்கிழமன்னு பாத்துச் சொல்வீங்களாக்கா?”

எதற்கு என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடம் இல்லாத நாளு ஜீப்புல ஏறப் பாக்குறான். அன்னைக்கி நான் சோலிக்குப் போகாம வாசல்ல ஒக்காந்துக்கிருவேன். ஞாயித்துக்கிழம எங்களுக்கே சோலி இல்ல. சனிக்கிழமதான்.”

கங்காணி ஒன்றும் சொல்ல மாட்டாரா என்றேன்.

“எறங்கிக்கோன்னாரு. எறங்கிட்டேன். இப்ப வேற தோட்டத்து ஜீப்பு.”

செல்போனில் இந்த வருடத்துப் பள்ளி நாட்காட்டியைத் தேடி எடுத்தேன். படமாக அனுப்பவா என்றால் வேண்டாம், எழுதிக் கொடுங்கள் என்றாள். போன் அம்மாவிடம்தான் இருக்குமாம். பந்தலில் கிடந்த, இறுதிச் சடங்குக்குச் சாமான் வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில், பள்ளி இல்லாத சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு தேதியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். அவள் வாங்கி, கறுத்த விரலை வைத்து மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே போனாள். உதடு அசைந்தது. வருகிற சனிக்கிழமையும் அதில் இருந்தது.

“இந்த வாரமேவா?” என்றாள்.

ஆமாம் என்றேன். தெருவில் ஜீப் ஹாரன் அடித்தது. தாளை மடித்துக்கொண்டு எழுந்து போய், முன் சீட்டில் இருந்த டிரைவரிடம், “அண்ணே, சனிக்கிழம எனக்காக நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.