பன்னிரண்டு வயதில் ஒரு தம்ளர்

முதலில் வந்தது வயிற்றுவலிதான். நாவலூர் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடித்து எழுந்தேன். மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை போனது. கேஸ் என்று நினைத்து சோடா குடித்தேன். மாலையில் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன்.

நாள்பட்ட கணைய அழற்சி (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் செரிமானச் சுரப்பி வீங்கிக் கெட்டுப்போவது) என்றார்கள். எனக்கு வயது இருபத்து நான்கு.

"எந்த வயசுலேர்ந்து குடிக்கிறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல யாரும் தொடமாட்டாங்க டாக்டர். நானும் அவரும் டீச்சர்ஸ்."

"பன்னெண்டு" என்றேன்.

"அது கிறிஸ்மஸுக்கு நானே போடற திராட்சை ஒயின் டாக்டர். அதெல்லாம் குடியா?"

அம்மாவின் வியப்பு நிஜமானது. எனக்குச் சிரிப்பு வந்தது, வலி விடவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். அஸ்தினாபுரத்தில், எங்கள் தெருவில், எனக்குப் பெயர் குண்டம்மா. சர்ச் பிள்ளைகளோடு கிறிஸ்மஸ் கேரல் பாடும்போது கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பேன். பன்னிரண்டு வயதில் வந்த கிறிஸ்மஸில் பிள்ளைகளுக்கு ஊற்றிய சின்னத் தம்ளரோடு நிற்காமல், சமையலறையில் திருட்டுத்தனமாக இன்னும் இரண்டு குடித்தேன். அன்று முன்னால் வந்து தனியாகப் பாடினேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு ஓர் உடம்பு இருப்பதே மறந்துபோயிருந்தது.

அந்த மறதிக்காகத்தான் பிறகு குடித்ததெல்லாம். பத்தாம் வகுப்பில் தண்ணீர் பாட்டிலில், வேலைக்கு வந்தபின் தினமும். ருசிக்காக ஒரு வாய்கூடக் குடித்ததில்லை.

"நிறுத்தினா சரியாயிடுமா சார்?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"இதுக்கு மேல கெடுறது குறையும். போனது போனதுதாம்மா."

நிறுத்திவிட்டேன். ஆறுதலாக ஒரு வரி எதிர்பார்க்காதீர்கள், என்னிடம் இல்லை. சாப்பாட்டோடு நொதி மாத்திரை (கணையம் சுரக்காத செரிமானச் சாற்றுக்குப் பதிலாக) விழுங்குகிறேன். அப்படியும் சாப்பிட்டது உடம்பில் ஒட்டுவதில்லை. கிழமைக் கணக்கெல்லாம் போய்விட்டது. வலி வரும் நாள், வராத நாள், அவ்வளவுதான்.

போன ஞாயிறு சர்ச் வாசலில் சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஏய், செம ஸ்லிம் ஆயிட்டடி! என்ன டயட்டு?"

கன்னம் ஒட்டியது எதனால் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தோஷப்பட்டேன். வெட்கமே இல்லாமல், முகம் சூடாகும் அளவுக்குச் சந்தோஷப்பட்டேன். உடம்பு அதற்குள் கிழடாகிவிட்டது. உள்ளே இருப்பவளுக்கு மட்டும் பன்னிரண்டு தாண்டவில்லை. இன்னும் ஒல்லியாக, மிச்சமிருக்கும் உடம்பையும் அவள் கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"தேங்க்ஸ் சித்தி" என்றேன்.